எண்பத்தேழு ஓட்டும் மூணு வீடும்

2016 மே 19ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். காட்டுமன்னார்கோயில் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் முருகுமாறனுக்கு 48,450 ஓட்டு. விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவனுக்கு 48,363 ஓட்டு. கழித்துப் பார்த்தால் 87. அன்றைக்கு ராத்திரி எங்க சேரியில் பாதி வீட்டில் உலை வைக்கவில்லை. எழவு வீடு மாதிரி இருந்தது. அறுபது வயசு தாண்டின எங்க மாமா ஒருத்தர், எதுக்கும் கலங்காத மனுசன், அம்பேத்கர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சின்னப்புள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். "எண்பத்தேழுடா, எண்பத்தேழு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எங்களில் யாருக்கும் தோணாத கேள்வி ஒன்று இருந்தது. எம்.ஏ. தமிழ் படித்து, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த எனக்கும் தோணவில்லை. தோற்றவர் தலித். ஜெயித்தவரும் தலித்துதான். இது தனித்தொகுதி, வேற ஆள் நிற்கவே முடியாது. யார் ஜெயித்தாலும் சேரியில் பிறந்த ஒருத்தர்தான் சட்டமன்றத்துக்குப் போகப் போகிறார். அப்படியிருக்க எது போச்சு என்று அழுதோம்? தலைவர் மேல் இருந்த பாசம் மட்டும் என்றால் அது வேற. இல்லை, அதுக்கு மேல் ஏதோ ஒன்று நம்மிடமிருந்து பறிபோனது என்றால், அது என்ன? ஒரு ஆள் நமக்கு 'நம்ம ஆள்' ஆகிறது பிறப்பாலா, ஓட்டாலா, அவர் வாயைத் திறந்து பேசுகிறதாலா?

இதைப் பத்தி வருசக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க வைத்தது அந்த 87 மட்டுமில்லை. அதே ராத்திரி நான் செய்த ஒரு காரியமும்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். மறைக்காமல் சொல்லணும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் தொகுதியைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரம். ஒரு பக்கம் வீராணம் ஏரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம். நெல்லு விளைகிற பூமி. ஏரி சோழன் காலத்து ஏரி என்று பாடத்தில் படித்திருக்கிறோம். மண் சுமந்தவன் யார் என்று பாடத்தில் இல்லை. 2004லிருந்து அந்த ஏரித் தண்ணி குழாயில் சென்னைக்குப் போகிறது. நந்தனார் பிறந்ததாகப் பெரியபுராணம் சொல்கிற ஆதனூர் இங்கேதான் இருக்கு என்று எங்க பக்கத்துச் சனங்க சொல்லுவாங்க. எல். இளையபெருமாள் பிறந்த மண்ணும் இதுதான்.

இளையபெருமாளைப் பத்திப் பேச்செடுத்தால் பெரியவங்க முதலில் சொல்கிறது பானைக் கதை. காட்டுமன்னார்கோயில் பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைகள் தண்ணி குடிக்கத் தனிப் பானை வைத்திருந்தார்கள். அங்கே படித்த இளையபெருமாள் அந்தப் பானையைப் போட்டு உடைத்தார். மறுபடி வைத்தால் மறுபடி உடைத்தார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே பானை என்று ஆனது. அந்தப் பையன்தான் 1952இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1965இல் இந்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவரானார். நாடு பூரா சுற்றி, 1969இல் அந்த அறிக்கையைக் கொடுத்தார். இன்றைக்கு அர்ச்சகர் பிரச்சினை பேசுகிறவங்க எல்லாரும் போய் நிற்கிற அறிக்கை அது.

1952இல் அவர் ஜெயித்தது எப்படி என்று கவனிக்கணும். அப்போது கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியில் ரெண்டு பேர். ஒருத்தர் பொது, ஒருத்தர் தலித். பக்கத்துச் சிதம்பரம் சட்டமன்றத் தொகுதியும் அப்படித்தான். நந்தனார் பள்ளியை நிறுவிய சுவாமி சகஜானந்தா அங்கிருந்து போனார். 1961இல் இரட்டைத் தொகுதிகளை ஒழித்துச் சட்டம் வந்தது. அதுக்கப்புறம் ஒரு தொகுதிக்கு ஒருத்தர்தான். தலித்துக்கென்று ஒதுக்கினால் அது முழுசா ஒதுக்கின தொகுதி. சனங்க வாயில் அதுக்குப் பேர் 'தனித்தொகுதி'.

அந்தப் பேரிலேயே ஒரு ஏமாற்று இருக்கிறது. தனித்தொகுதியில் தனியாக இருக்கிறது வேட்பாளர் மட்டும்தான். ஓட்டுப் போடுகிறவங்க எல்லாரும். 2011 கணக்குப்படி கடலூர் மாவட்டத்தில் தலித்துகள் நூற்றுக்கு முப்பது பேருக்குக் கிட்டத்தில். அப்படியென்றால் சேரி பூராவும் ஒரே ஆளுக்குப் போட்டாலும் அந்த ஆள் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. ஊர்த்தெரு பூராவும் ஒரே ஆளுக்குப் போட்டால், சேரி என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் 'சேரியின் பிரதிநிதி' ஆகிவிடலாம். தமிழ்நாட்டில் 234இல் 44 தொகுதிகள் இப்படி ஒதுக்கப்பட்டவை. 44 பேரும் நம்ம தெருவில் பிறந்தவங்கதான். ஆனால் அவங்களைத் தேர்ந்தெடுக்கிற கை நம்ம கை என்று சொல்ல முடியாது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததில்லை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புத் தீர்ப்பில் தலித்துக்கு ரெண்டு ஓட்டு இருந்தது. ஒன்று, தலித்துகள் மட்டும் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்க. இன்னொன்று, எல்லாரோடும் சேர்ந்து பொது வேட்பாளருக்குப் போட. அந்த ரெண்டாவது ஓட்டைப் பத்தி அதிகமாக யாரும் பேசுகிறதில்லை. அது இருந்திருந்தால் பொது வேட்பாளர் சேரிக்கு வந்து கைகூப்பித்தான் ஆகணும். காந்தி ஏரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணங்களில் 71 இடம் என்பது 148 ஆனது. சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை ரெண்டு மடங்கானது, கை மாறிவிட்டது.

அப்பவும் ஒரு சின்ன வாசலை விட்டுவைத்தார்கள். முதல் சுற்றில் தலித் வாக்காளர்கள் மட்டும் கூடி நாலு பேரைத் தேர்ந்தெடுக்கணும். அந்த நாலு பேரில் ஒருத்தரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கணும். அரசியல் சட்டம் எழுதும்போது அந்த வாசலும் மூடப்பட்டது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் நம்ம சென்னை மாகாணத்திலிருந்து போன எஸ். நாகப்பா என்கிற தலித் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒதுக்கப்பட்ட தொகுதியில் ஜெயிக்கிறவர் தன் சொந்தச் சனங்கள் போட்ட ஓட்டில் நூற்றுக்கு 35ஆவது வாங்கியிருக்கணும், இல்லாவிட்டால் ஜெயித்ததாக அறிவிக்கக் கூடாது என்றார். பட்டேல் எதிர்த்தார். நாகப்பா திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் கேட்டது பெரிய கேள்வி இல்லை. 'இந்த ஆள் யாருக்காகப் போகிறாரோ, அவங்களில் மூணில் ஒருத்தராவது இவரை வேணும் என்று சொன்னார்களா?' அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஒரு மனுசனின் நாக்கை என்ன செய்யும் என்பதுக்கு 1938ஐப் பார்த்தால் போதும். சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். முதல்வராக இருந்த ராஜாஜி அதை ஏற்கவில்லை. காங்கிரசில் இருந்த தலித் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்குத் தலைவணங்கி மசோதாவைத் தோற்கடிக்கும் பக்கம் நின்றார்கள். தங்களுக்கே கோயில் கதவைத் திறக்கிற மசோதா! அவங்களைத் திட்டுகிறது சுலபம். நான் திட்டியிருக்கிறேன், மேடையில் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அவங்க யார் தயவில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துத்தான் பேசணும். அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயில் தோற்றது இன்னொரு தலித்திடம்தான். காங்கிரஸ் நிறுத்தின கஜ்ரோல்கரிடம்.

இனி எங்க தொகுதிக்கே வருகிறேன். தி.மு.க. இங்கே பல தடவை ஜெயித்திருக்கிறது. 1989லும் 1991லும் இளையபெருமாள் ஆரம்பித்த மனித உரிமைக் கட்சிக்காரர்கள் ஜெயித்தார்கள். 2006இல் சிறுத்தைகள் சார்பில் எழுத்தாளர் ரவிக்குமார் ஜெயித்தார். 2011லும் 2016லும் முருகுமாறன். 2021இல் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் நின்று சிந்தனைச்செல்வன் பத்தாயிரத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு காலத்தில் பானையை உடைத்துத்தான் மனுசன் என்று காட்ட வேண்டியிருந்த ஊரில், பானைக்கு ஊர்த்தெருவிலும் ஓட்டு விழுந்தது. இது சின்ன விசயம் இல்லை.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். நம்ம இயக்கம் ஜெயித்த தடவையெல்லாம் யாரோ ஒரு பெரிய கட்சியின் கூட்டணியும் தேவைப்பட்டிருக்கிறது. 2006இல் அ.தி.மு.க. அணி, 2021இல் தி.மு.க. அணி. பெரிய கட்சி ரெண்டும் எதிரே நின்ற 2016இல் 87இல் போச்சு. இதே மாவட்டத்தில் மங்களூர்த் தொகுதியில் 2001இல் திருமாவளவன் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார். அடுத்தவர் சின்னத்தில் ஜெயித்தால் கட்சித் தாவல் சட்டப்படி சபையில் நீ அந்தக் கட்சி ஆள்தான். 2004இல் அவர் அந்தப் பதவியை விட்டு விலகினார். ஜெயித்த நாற்காலியைத் தானே காலி செய்தார். பதவிக்காக எதையும் செய்வார்கள் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவங்க இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளணும்.

எங்க ஆயா கதை வேற மாதிரி. அவளுக்கு ஓட்டு என்றால் ஆண்டை வீட்டு டிராக்டர். ஓட்டு அன்றைக்கு வேலை கிடையாது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போவாங்க, எதில் குத்தணும் என்று சொல்லிவிடுவாங்க, திரும்பக் கொண்டுவந்து விடுவாங்க. கூலியில் ஒரு பொட்டு நெல்லு கூட வராது. "நம்ம ஓட்டு ஏது, அவங்க நெலத்துல நிக்கிறோம், அவங்க சொன்னதப் போடுறோம்" என்பாள். அவளுக்கு அது அநியாயமாகவே படவில்லை. ஆள் அவங்களுது, ஆளோட கை அவங்களுது, கையில் இருக்கிற ஓட்டும் அவங்களுது.

அப்பா காலத்தில் அது மாறினது. எனக்குப் பத்து வயசு இருக்கும். 1999 செப்டம்பர், நாடாளுமன்றத் தேர்தல். சிதம்பரம் தொகுதியில் திருமாவளவன் சைக்கிள் சின்னத்தில் நின்றார். முதல் தடவையாக எங்க தெருவில் டிராக்டரில் ஏற மாட்டோம் என்றார்கள். அந்தத் தேர்தலில் என்ன நடந்தது என்று நாட்டுக்கே தெரியும். தொகுதியில் பல சேரிகளில் வீடு எரிந்தது. ஓட்டுப் போடப் போன சனங்களை அடித்து விரட்டினார்கள். எங்க தெருவில் எரியவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மா எங்களை வாய்க்கால் ஓரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தாள். தூரத்தில் சிவப்பாக வானம் தெரிந்தது. அப்பா காலையில் ஓட்டுப் போட்டு வந்த விரலைக் காட்டி, "இது என்னுதுடா" என்றார். டிராக்டரில் போகாமல் சொந்தக் காலில் நடந்து போய்ப் போட்ட முதல் ஓட்டு அது.

அந்த 'என்னுது' என்கிற சொல்லில்தான் என் அரசியல் பூராவும் இருந்தது. ஆண்டை 'உன் ஓட்டு எனக்குச் சேர வேண்டியது' என்று நினைத்தான். அப்பா 'இல்லை' என்றார். 2016இல் நாங்க அழுததுக்கும் அதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஜெயித்தவரும் தலித்துதான், ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது எங்க கை இல்லை. எங்க கை தேர்ந்தெடுத்தவர் வெளியே நிற்கிறார். இதுதான் 1932லிருந்து வருகிற வலி. இதுவரைக்கும் நான் சொன்னதில் இப்பவும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இனிதான் அந்த ராத்திரி.

எங்க தெருக் கடைசியில், வாய்க்காலை ஒட்டி மூணு வீடு இருக்கிறது. புதிரை வண்ணார் வீடு. எங்க துணியை வெளுக்கிறது, பிள்ளை பிறந்தால் தீட்டுத்துணி எடுக்கிறது, பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் சடங்கு, எழவு விழுந்தால் அதுக்குண்டான வேலை எல்லாம் அவங்கதான். ஊர் எங்களைத் தொடாது. நாங்க அவங்களைத் தொட மாட்டோம். ராத்திரி வந்து வாசலில் நின்று சோறு கேட்பாங்க. மேலேயிருந்து சட்டியில் போடுவோம். இப்போது அந்தச் சோறு எடுக்கிறது நின்றுபோச்சு. மற்றதெல்லாம் நின்றுபோச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்க தெருவில் எல்லாருக்கும் முறை உண்டு. அண்ணன், மாமா, சித்தப்பா, அத்தை, ஆயா. அந்த மூணு வீட்டில் இருக்கிறவங்களுக்கு மட்டும் முறை கிடையாது. எழுபது வயசுக் கிழவியை எங்க வீட்டு எட்டு வயசுப் பொடியன் 'ஏ வண்ணாத்தி' என்பான். நானும் அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தவன்தான்.

87 என்று தெரிந்ததும் பையன்கள் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டு அன்றைக்குச் சாவடிக்கு வெளியே நாங்க போட்டிருந்த மேசையில் வைத்து, யார் யார் போட்டார்கள் என்று டிக் அடித்து வைத்த பட்டியல். பென்சில் என் கையில் இருந்தது. டிக் இல்லாத பேரை ஒவ்வொன்றாக வாசித்தேன். திருப்பூர் போனவன், கேரளாவில் கொத்து வேலைக்குப் போனவன், செத்தும் பேர் எடுக்காதது, இப்படி இருபதுக்கு மேல். "பாவம், பஸ்ஸுக்குக் காசு இல்லாம இருந்திருக்கும்" என்றார்கள். கடைசிப் பக்கத்தில் அந்த மூணு வீட்டு ஏழு பேர். ஒருத்தர் பேருக்கும் டிக் இல்லை. "ஏழு ஓட்டா! வண்ணான் வூட்டுல ஏழு ஓட்டும் போடலியா?" என்று ஒருத்தன் கத்தினான். நான் அந்த ஏழு பேருக்கும் கீழே கோடு போட்டேன். யாரும் சொல்லாமல் நானே போட்டேன்.

அப்புறம் நாலைந்து பேர் டார்ச் எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். நானும் போனேன். கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். "எவங்கிட்ட காசு வாங்கினீங்க" என்று கேட்டார்கள். நான் திட்டவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. கிழவி வெளியே வந்தாள். தோளில் கிடந்த துணியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். எங்க தாத்தா ஆண்டை வாசலில் அப்படித்தான் நிற்பாராம். ஆயா நின்று காட்டியிருக்கிறாள்.

டார்ச் வெளிச்சம் அவ கை மேல் விழுந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் மை இருந்தது. அழியாத மை.

"போட்டோம் சாமி" என்றாள். "காலையில மொத ஆளா போயி ஒரு வூட்டாளு பாக்கி இல்லாம போட்டோம். கவர்மெண்டு சீட்டு வூட்டுக்கே வந்துச்சு. அத எடுத்துக்கிட்டு நேரா உள்ள போயிட்டோம்."

நேராக உள்ளே போயிருக்கிறார்கள். எங்க மேசைக்கு வரவில்லை. வந்தால் தள்ளி நிற்கணும், காத்திருக்கணும். எங்க மேசையில் இருந்த பையனுக்கு அவங்க போனது கண்ணில் படவே இல்லை. பட்டியலில் இருக்கிற பேர் யாருடையது என்றும் அவனுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அவங்களை நாங்க பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்தானே தெரியும்?

தப்பாக நினைத்துவிட்டோம், மன்னிப்புக் கேட்டால் முடிந்தது என்று அடுத்த நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, என் தப்பு அது இல்லை என்று. அவ விரலில் மை இல்லாமல் இருந்திருந்தால்? அப்போது நாங்க செய்தது சரியாகிவிடுமா? எங்க வேட்பாளருக்குப் போடாமல் வேற யாருக்கோ போட்டிருந்தால், டார்ச் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று கேட்க எனக்கு என்ன பாத்தியதை? 'உன் ஓட்டு எனக்குச் சேர வேண்டியது' என்கிற ஆண்டை நினைப்புத்தான் என் கையில் பென்சிலாக இருந்தது. அப்பா 'என்னுது' என்று விரலைக் காட்டினாரே, அந்த விரல்தான் அது. ஆனால் கை வேற.

இன்னொன்றும் அவ அன்றைக்குச் சொன்னாள். நாங்க திரும்பி நடக்கும்போது, சத்தமாகக் கூட இல்லை. "ஓட்டுக் கேட்டு எங்க வாசலுக்கு யாரு வந்தா?" என்றாள். உண்மை. ரெண்டு மாசம் தெருத்தெருவாகப் போனோம். ஊர்த்தெருவுக்குக் கூடக் கும்பிட்ட கையோடு போனோம். அந்த மூணு வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. அவங்க ஓட்டு எப்படியும் நமக்குத்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவு பண்ணியிருந்தோம். பெரிய கட்சிகள் சேரி ஓட்டை எப்படி நினைக்கிறதோ அதே மாதிரி.

அதுக்கப்புறம் விசாரித்தேன். புதிரை வண்ணார் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். ஆனால் பல பேருக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கிறதில்லை. பொதுவாக வண்ணார் என்று மிகவும் பிற்படுத்தப்பட்டோரில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்க தெரு மூணு வீட்டிலும் அதே கதைதான். அப்படியென்றால் தனித்தொகுதியில் அவங்க நிற்கக்கூட முடியாது. நம்ம எல்லாருக்கும் கீழே இருக்கிறவங்களுக்கு, நமக்கென்று ஒதுக்கின நாற்காலியில் உட்காரத் தாளே கிடையாது. நாகப்பா கேட்ட கேள்வியை அந்தக் கிழவி நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்லுவோம்? 'உங்க ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களில் மூணில் ஒருத்தரையாவது கேட்டீங்களா?'

தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது கோபப்பட்டார்கள். "ஊர் நம்ம வீட்டைக் கொளுத்துது, நீ நம்ம தெருக் குப்பையைக் கிளறிக்கிட்டிருக்க. எதிரிக்குத்தான் கொண்டாட்டம்" என்றார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தலித்துக்குள்ளே ஏற்றத்தாழ்வு இருக்கு பார் என்று சொல்லி நம்ம உரிமையையே மறுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவங்களுக்கு என் பதில்: நந்தன் நெருப்பில் இறங்கின கணக்கு தீரும் முன்னே எங்க கணக்கைக் கேட்க உங்களுக்கு யோக்கியதை இல்லை. ஆனால் தோழர்களுக்கு என் பதில் வேற. எண்ணிக்கை பலத்தை வைத்துக்கொண்டு ஊர் நம்மை மிதிக்கிறது தப்பு என்றால், தெருவில் நம்ம எண்ணிக்கை பலத்தை வைத்துக்கொண்டு மூணு வீட்டை மிதிக்கிறதும் அதே தப்புதான். ஒன்றை எதிர்க்க ஒரு நியாயம், இன்னொன்றை மறைக்க ஒரு நியாயம் என்று ரெண்டு நியாயம் வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் 1932ஐப் பத்திப் பேச நமக்கு வாய் இருக்காது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். யார் நம்ம ஆள்?

பிறப்பு போதாது, 1938 அதைக் காட்டிவிட்டது. ஓட்டு மட்டும் போதும் என்றும் நான் இப்போது நினைக்கவில்லை. ஓட்டுப் போட்டவனுக்குத்தான் கடன்பட்டவன் என்று ஒரு பிரதிநிதி நினைத்தால், ஊர்த்தெரு ஓட்டால் ஜெயித்தவர் ஊருக்கு அடங்கி நடக்கிறது சரியென்று ஆகிவிடும். சேரி ஓட்டால் ஜெயித்தவர் அதில் பெரிய கூட்டத்துக்கு மட்டும் அடங்கி நடக்கிறதும் சரியென்று ஆகிவிடும். ஓட்டைக் கடனாகப் பார்க்கிறதே ஆண்டையின் பார்வை. தனித்தொகுதி என்கிற நாற்காலி யாரோ கொடுத்த தானம் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் நடந்த ஒரு அநியாயத்துக்குப் பதிலாக வைக்கப்பட்ட நாற்காலி. அரசியல் சட்டத்தில் பத்து வருசத்துக்கு என்று எழுதினது. அநியாயம் தீராததால் திரும்பத் திரும்ப நீட்டி, கடைசியாக 2019இல் செய்த திருத்தத்தில் 2030 வரைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். அதில் உட்காருகிறவர் எந்தக் கட்சி, யார் ஓட்டில் வந்தார் என்பதெல்லாம் அப்புறம். அந்த நாற்காலி எதுக்காக இருக்கிறதோ, அந்தக் கணக்கு அவர் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஊர்த்தெரு ஓட்டில் வந்தவரிடமும் அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம்ம ஓட்டில் வந்தவரிடம் கேட்க அந்த மூணு வீட்டுக்கும் உரிமை உண்டு. நமக்குப் போட்டார்களா இல்லையா என்று பார்க்காமல் உண்டு.

அம்பேத்கர் 1949 நவம்பரில் சொன்னது, அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்கிற முரண்பாட்டுக்குள் காலெடுத்து வைக்கப் போகிறோம் என்று. நான் அதை எப்பவும் ஊரைப் பார்த்துச் சொன்னதாகவே மேடையில் பேசியிருக்கிறேன். அவ விரலும் என் விரலும் சாவடிக்குள் சமம். வெளியே வந்து நாலு அடி நடந்தால் அவ கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும், நான் டார்ச் அடிக்கணும். அந்த முரண்பாட்டில் நான் இருந்தது எந்தப் பக்கம்?

2021 தேர்தலில் நான் அந்த மூணு வீட்டுக்குத்தான் முதலில் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அஞ்சு வருசம் ஆச்சு அங்கே போக. கிழவி இல்லை, செத்துப்போயிருந்தாள். அவ மருமக வாசலில் நின்றாள். அவளை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் முழித்தேன். கடைசியில் "அக்கா" என்றேன். அவ சட்டென்று திரும்பிப் பின்னால் யாராவது வந்திருக்காங்களா என்று பார்த்தாள்.

நான் ஓட்டுக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்க என்ன வேணும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு பிள்ளைக்கு வாங்கியாச்சு. ரெண்டு பிள்ளைக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். எங்க தெருவில் இன்னும் பாதிப் பேர் அவளை அக்கா என்று கூப்பிடுகிறதில்லை. எங்க மாமா, 87ஐச் சொல்லி அழுதாரே, அவரும் கூப்பிடுகிறதில்லை.

இதைப் படிக்கிற நீங்களும் ஏதோ ஒரு தெருவில் இருந்துதான் வந்திருப்பீங்க. உங்க தெருவிலும் கடைசி வீடு ஒன்று இருக்கும். அடுத்த தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, அந்த வீட்டுப் பேர்களை முதலில் வாசித்துப் பாருங்க. முகம் தெரிகிறதா என்று பாருங்க.